மொரிஷியஸ்: ஏழாம் தலைமுறைக்கு வந்த அட்டை

மொரிஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸின் மத்திய மார்க்கெட்டுக்குக் காலை நேரத்தில் போனால், கீரைக் கடைக்காரர் ஒரு கட்டை எடுத்துக் காட்டி ‘ப்ரேத் முரும்’ என்பார். பயந்துவிட வேண்டாம், நம்ம முருங்கைக்கீரைதான். பக்கத்துக் கூடையில் இருக்கும் பீர்க்கங்காய்க்கு அங்கே ‘பிப்பங்காய்’ என்று பெயர். வெளியே எண்ணெய்ச் சட்டியில் பொரிந்துகொண்டிருக்கும் ‘கத்தோ பிமாங்’கை வாயில் போட்டால், மசால் வடையின் குட்டித் தம்பி என்று நாக்கு சொல்லிவிடும்.

விற்கிறவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. தீவில் வீட்டிலும் தெருவிலும் எல்லாரும் பேசுவது கிரியோல் மொழி. தமிழைப் பள்ளியில் ஒரு பாடமாகப் படித்தவர்கள் உண்டு. கோயிலில் பதிகம் பாடுகிறவர்களும் உண்டு. அதைத் தாண்டி வாய்மொழியாகத் தங்கிப்போனது முரும், பிப்பங்காய், ரசத்துக்கு ‘ரசோன்’ போன்ற சமையலறைச் சொற்கள்தான்.

கீரைக்குக் கொடுக்கும் 100 ரூபாய் நோட்டை ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். அதில் இருப்பவர் ரெங்கநாதன் சீனிவாசன், வழக்கறிஞர், தொழிற்கட்சித் தலைவர்களில் ஒருவர், தமிழர். நோட்டின் மதிப்பு ஆங்கிலத்துக்கு அடுத்தபடியாகத் தமிழிலும் அதன்பின் இந்தியிலும் அச்சாகியிருக்கும். 1998-ல் புது நோட்டு அடித்தபோது இந்த வரிசையை மாற்றி இந்தியை மேலே போட்டுவிட்டார்கள். தீவுக்கு முதலில் வந்தது நாங்கள்தானே என்று தமிழர்கள் கிளம்ப, அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றுப் பழைய வரிசையிலேயே மறுபடி அச்சடிக்க வேண்டியதாயிற்று. தமிழ் பேசத் தெரியாத பலர் சேர்ந்து தமிழ் எழுத்துக்காக நின்ற கதை இது.

நோட்டில் இடம் இருக்கிறது, கீரையில் பெயர் இருக்கிறது, தைப்பூசக் காவடிக்கு நாடு முழுக்க அரசு விடுமுறை இருக்கிறது. ஆனால் இந்தக் குடும்பங்களுக்கு இந்தியாவில் என்ன இடம்? சட்டப்படி, மிகச் சமீபகாலம் வரை பலருக்கு எந்த இடமும் இல்லை. சுற்றுலா விசா வாங்கிக்கொண்டு பழனிக்கு வந்து மொட்டை போட்டுவிட்டுத் திரும்பிப் போகும் வெளிநாட்டவர், அவ்வளவுதான்.

40 சென்ட் நிலம்

மார்க்கெட்டிலிருந்து நடக்கும் தூரத்தில், துறைமுகத்தை ஒட்டி, ‘இமிக்ரேஷன் ஸ்கொயர்’ என்ற பெயரில் ஒரு பேருந்து நிலையம். குடியேற்றச் சதுக்கம்! பேருந்து நிலையத்துக்கு ஏன் இப்படி ஒரு பெயர் என்று யோசித்தபடி சாலையைக் கடந்தால் ‘ஆப்ரவாசி காட்’ வந்துவிடுகிறது. முன்பு ‘கூலி காட்’ என்று அழைக்கப்பட்ட இடம். 2006-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பரப்பு 1,640 சதுர மீட்டர். நம் கணக்கில் 40 சென்ட். தாஜ்மகாலும் தஞ்சைப் பெரிய கோயிலும் இருக்கிற பட்டியலில் இப்படியும் ஒன்று.

கடலிலிருந்து மேலே ஏறி வரும் கருங்கல் படிகள், சில சுவர்கள், ஆஸ்பத்திரியின் ஒரு பகுதி, கழிவறைகளின் மிச்சம். 1849-ல் கட்டத் தொடங்கிய முகாமில் பெரும்பகுதி பிற்காலத்தில் சாலையும் கட்டடங்களும் வந்ததில் போய்விட்டது. அழகான இடம் என்று சொல்ல முடியாது. தேனிலவுக்கு வரும் நம்மூர் ஜோடிகள் பெரும்பாலும் கடற்கரையோடு திரும்பிவிடுகிறார்கள். ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும், பக்கத்திலேயே இருக்கும் விளக்க மையத்தையும் சேர்த்துப் பார்த்துவிடலாம்.

1834 நவம்பர் 2 அன்று ‘அட்லஸ்’ என்ற கப்பலில் 36 பேர் இங்கே வந்து இறங்கினார்கள். மூன்றே மாதத்தில், 1835 பிப்ரவரியில், தீவில் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும், அடிமை கூடாது. அதற்குப் பிரிட்டிஷ் அரசு கண்டுபிடித்த வழி, கைநாட்டு வைத்த ஒப்பந்தம். ஐந்து வருடம், மாதம் 5 ரூபாய். சோதனை முயற்சி என்றுதான் ஆரம்பித்தார்கள். பிறகு கல்கத்தா, சென்னை, பம்பாய்த் துறைமுகங்களிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள். 1920-க்குள் ஏறக்குறைய 5 லட்சம் பேர் இந்தத் துறைமுகம் வழியாக வந்தார்கள். அவர்களில் சிலர் இங்கிருந்து ரீயூனியன், ஆப்பிரிக்கா, கரீபியன் தீவுகள் என்று மேலும் அனுப்பப்பட்டார்கள்.

படியேறி வந்தவருக்கு முதலில் கிடைத்தது ஒரு எண். பிறகு மருத்துவச் சோதனை, ஓரிரு நாள் தங்கல், அப்புறம் தோட்டம். பெயரை எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார். அவர் எழுத்துதான் இன்றைக்கு ஒரு குடும்பத்தின் சட்ட உரிமையைத் தீர்மானிக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

வேவு பார்க்க எடுத்த படம்

தலைநகரிலிருந்து மலைப்பக்கமாகச் சிறிது தூரம் போனால் மோக்கா. அங்கே இந்தியாவும் மொரிஷியஸும் சேர்ந்து உருவாக்கிய மகாத்மா காந்தி நிறுவனம் இருக்கிறது. அதற்குள் இந்தியக் குடியேற்ற ஆவணக் காப்பகம். தடிமனான பதிவேடுகள் ஆயிரக்கணக்கில். ஒவ்வொருவருக்கும் ஒரு வரி: எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, உயரம், ஊர், ஜில்லா, வந்த கப்பல், அனுப்பப்பட்ட தோட்டம்.

படங்களும் இருக்கின்றன. 1860-களில் எடுக்க ஆரம்பித்தவை. நம்மூரில் ஜமீன்தார் வீட்டில்கூட போட்டோ அபூர்வமாக இருந்த காலத்தில், கரும்பு வெட்டிய கூலியாளுக்கு எப்படிப் படம் கிடைத்தது? பாசத்தால் அல்ல. 1867-ல் வந்த தொழிலாளர் சட்டம், ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்தவர்களும் படம் ஒட்டிய சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்றது. வழியில் போலீஸ் கேட்டால் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் நாடோடி என்று பிடித்து உள்ளே தள்ளலாம். இந்தக் கொடுமையை எதிர்த்து 1871-ல் அடால்ஃப் தெ பிளெவிட்ஸ் என்ற ஐரோப்பியர் 9,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களின் ஒப்பத்தோடு மனு கொடுத்தார். அவருக்குத் துணைநின்றவர்களில் ராஜரத்தினம் முதலியார் என்ற தமிழரும் ஒருவர். அதன் விளைவாக லண்டனிலிருந்து அரச விசாரணைக் குழு வந்து சேர்ந்தது.

வேவு பார்ப்பதற்காக எழுதப்பட்ட அந்தக் காகிதத்தைத்தான் இப்போது கொள்ளுப்பேரனும் எள்ளுப்பேத்தியும் தேடி வருகிறார்கள். ‘எங்கள் முன்னோர் இந்தியாவிலிருந்து வந்தவர்’ என்பதற்கு அதைவிட வலுவான சாட்சி வேறில்லை.

முதலில் வந்த 16 நாடுகள்

இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி ஏற்றவர் இந்தியக் குடிமகனாக இருக்க முடியாது என்று அரசியல் சட்டத்தின் 9-வது பிரிவே சொல்லிவிடுகிறது. வெளிநாட்டு இந்தியர்கள் பல வருடம் கேட்டுக்கேட்டு, 1999-ல் பி.ஐ.ஓ. அட்டை வந்தது. இந்திய வம்சாவளியினருக்கு நான்கு தலைமுறை வரை கிடைக்கும் என்றார்கள். தொடக்கக் கட்டணம் 1,000 டாலர். தோட்டத் தொழிலாளியின் பேரன் அதை வாங்குவாரா என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

எல்.எம். சிங்வி தலைமையிலான உயர்நிலைக் குழு 2002-ல் அறிக்கை கொடுத்தது. அதையடுத்து 2003-ல் குடியுரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, ‘வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள்’ என்ற புதிய வகை உருவானது. அதுதான் ஓ.சி.ஐ. ஆனால் அது 16 நாடுகளில் இருப்பவர்களுக்கு மட்டும். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, சுவிட்சர்லாந்து என்று நீளும் அந்தப் பட்டியலில் மொரிஷியஸ் இல்லை. ஃபிஜி இல்லை. கயானா, டிரினிடாட், தென்னாப்பிரிக்கா எதுவும் இல்லை. விமானத்தில் போனவர்களுக்கு வாசல் திறந்தது, கப்பலில் போனவர்கள் வெளியே நின்றார்கள்.

இந்தப் பாகுபாடு விமர்சனத்துக்கு உள்ளாகி, 2005-ல் பட்டியல் நீக்கப்பட்டது. பாகிஸ்தான், வங்கதேசக் குடிமக்களாக இருந்தவர்களைத் தவிர மற்ற எல்லா நாட்டினரும் விண்ணப்பிக்கலாம் என்றானது. 2015-ல் பி.ஐ.ஓ. அட்டையும் ஓ.சி.ஐ.யோடு இணைக்கப்பட்டது.

அப்போதும் மொரிஷியஸ்காரர்களுக்கு ஒரு முட்டுக்கட்டை இருந்தது. 1950 ஜனவரி 26-ல் இந்தியக் குடிமகனாக இருந்தவர், அல்லது ஆகத் தகுதி பெற்றிருந்தவர், அவருடைய பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் என்றுதான் சட்டம் எண்ணுகிறது. 1890-ல் தோட்டத்திலேயே கண்ணை மூடிவிட்டவரை 1950-ன் அளவுகோலில் எப்படி நிறுத்துவது? சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1860-ல் இருபது வயதில் ஒருவர் வந்திறங்கியிருந்தால், இன்று தொட்டிலில் கிடக்கும் குழந்தை ஆறாவது அல்லது ஏழாவது தலைமுறை. தமிழில் மகன், பேரன், கொள்ளுப்பேரன், எள்ளுப்பேரன் என்று சொல்லிவிட்டு, அதற்கு மேல் உறவுமுறைக்குப் பெயர் தேட வேண்டியிருக்கிறது. சட்டமோ கொள்ளுப்பேரனோடு நின்றுவிட்டது.

ஒப்பந்தத் தொழிலாளர் வம்சத்தினருக்கு, மொரிஷியஸில் தொடங்கிப் புதிய நடைமுறை வகுக்கப்படும் என்று 2017 ஜனவரியில் பெங்களூரில் நடந்த வெளிநாடுவாழ் இந்தியர் தின விழாவில் பிரதமர் மோடி அறிவித்தார். 2024 மார்ச்சில் மொரிஷியஸ் தேசிய தின விழாவுக்குப் போன குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு, ஏழாவது தலைமுறை வரை ஓ.சி.ஐ. அட்டை பெறலாம் என்ற சிறப்பு ஏற்பாட்டை அங்கேயே வெளியிட்டார். அடுத்த வருடம் அதே மார்ச்சில் மொரிஷியஸ் அதிபர் தரம் கோகுலுக்கும் அவர் மனைவிக்கும் பிரதமர் மோடி இந்த அட்டையைக் கையில் கொடுத்தார். ஒரு நாட்டின் அதிபரே வாங்கிக்கொண்ட அட்டை! சூரினாமுக்கு 2023-லும் டிரினிடாடுக்கு 2025-லும் ஆறாவது தலைமுறை வரை என்று அறிவிப்புகள் வந்தன.

ஓசி இல்லை

அட்டையின் பெயரில் ‘ஓசி’ இருந்தாலும் ஓசியில் வருவதல்ல. வெளிநாட்டில் விண்ணப்பித்தால் பொதுவான கட்டணம் 275 டாலர். கிடைப்பது என்ன?

வாழ்நாள் முழுக்க எத்தனை முறை வேண்டுமானாலும் இந்தியா வரலாம், எவ்வளவு நாளும் தங்கலாம். மற்ற வெளிநாட்டவர் போல் போலீஸில் பதிவு செய்ய வேண்டியதில்லை. உள்நாட்டு விமானத்தில் இந்தியருக்குள்ள அதே கட்டணம். மாமல்லபுரத்தில் வெளிநாட்டவருக்கு 600 ரூபாய் டிக்கெட், அட்டை இருந்தால் நம்மைப் போல் 40 ரூபாய். வீடு வாங்கலாம், வங்கிக் கணக்கு வைக்கலாம், டாக்டராகவோ வழக்கறிஞராகவோ ஆடிட்டராகவோ உரிய சட்டங்களுக்கு உட்பட்டுத் தொழில் செய்யலாம். நீட் எழுதலாம், ஆனால் இந்தியக் குடிமக்களுக்கென ஒதுக்கிய இடத்தைக் கேட்க முடியாது, என்.ஆர்.ஐ. இடங்களுக்குத்தான் போட்டியிட முடியும்.

ஓட்டு கிடையாது. தேர்தலில் நிற்க முடியாது. அரசு வேலை உரிமை இல்லை. ஆராய்ச்சி, பத்திரிகை வேலை, மதப் பிரசாரம், மலையேற்றம் ஆகியவற்றுக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும் என்று 2021 மார்ச் அறிவிக்கை சொல்கிறது. ஆக, ‘குடிமக்கள்’ என்று பெயரில் இருந்தாலும் இது குடியுரிமை அல்ல. நீண்ட ஆயுள் கொண்ட ஒரு விசாவுக்கும் குடியுரிமைக்கும் நடுவில் எங்கோ நிற்கிற ஒன்று. அரசு நினைத்தால், சட்டம் சொல்லும் காரணங்களுக்காக, காரணம் கேட்டபின் ரத்தும் செய்யலாம்.

இன்னொன்றும் கிடையாது: வயல். விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்டம் இவற்றை ஓ.சி.ஐ. அட்டைதாரர் விலைக்கு வாங்க முடியாது. கழனி வேலை செய்த குடும்பத்தில் பிறந்து, கடல் தாண்டிப்போய் அடுத்தவர் கரும்பை வெட்டியவரின் வாரிசு, மூதாதை ஊரைக் கண்டுபிடித்து வந்தாலும் அங்கே தெருவில் மனை வாங்கலாம், ஊருக்கு வெளியே ஒரு காணி நிலம் வாங்க முடியாது. எல்லா வெளிநாட்டு இந்தியருக்கும் பொதுவான விதிதான். இவர்கள் விஷயத்தில் கொஞ்சம் கூடுதலாக உறுத்துகிறது.

வீராசாமியின் மகன் யார்?

அட்டை வாங்குவதில் பெரிய வேலை, சங்கிலி கோப்பது. தன் பிறப்புச் சான்று, அப்பாவுடையது, தாத்தாவுடையது என்று ஒவ்வொரு கண்ணியாகப் பின்னால் போய், மோக்காவில் இருக்கும் அந்த ஒரு வரிப் பதிவில் கொண்டுபோய் மாட்ட வேண்டும்.

நம்மிடம் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை, இனிஷியல்தான் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. பாஸ்போர்ட் எடுக்கும்போது ‘சர்நேம்’ கட்டத்தில் என்ன எழுதுவது என்று இன்றைக்கும் நாம் முழிக்கிறோம். அந்தக் காலத்தில் எழுத்தருக்கும் அதே முழிப்புதான். அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டார். வீராசாமி மகன் முத்து, ‘முத்து வீராசாமி’ ஆனார். அவர் மகனுக்கு ‘முத்து’ குடும்பப் பெயராகலாம், ‘வீராசாமி’யே தொடரவும் செய்யலாம். அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று என்றும் நேரலாம். அதோடு பிரெஞ்சு எழுத்துக்கூட்டல் வேறு. சீனிவாசன் ‘சீனவாசென்’ ஆனார். ஆறுமுகம் ‘அர்மூகும்’ ஆனார், முத்துசாமி ‘மூட்டூசாமி’ ஆனார். ஒரே பெயர் மூன்று சான்றிதழில் மூன்று விதமாக இருக்கும். இவர்கள் மூவரும் ஒரே வீட்டுக்காரர்கள்தான் என்று காட்டுவது விண்ணப்பதாரரின் பொறுப்பு.

பெயர் இப்படி மாறினாலும் மாறாமல் இருப்பது எண்தான். அதிகாரிகள் ஆளை அடையாளம் காண வைத்த குடியேற்ற எண் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஒப்பந்தக் கூலிகளுக்கு முன்பே வந்த தமிழர்கள் கதை இதைவிடச் சிக்கல். 1735-ல் ஆளுநராக வந்த மஹே தெ லா பூர்தொனே போர்ட் லூயிஸை ஒரு துறைமுக நகரமாகக் கட்டியெழுப்பியபோது, பாண்டிச்சேரியிலிருந்து கொத்தனார்களும் தச்சர்களும் கைவினைஞர்களும் வந்தார்கள். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் இருந்தார்கள். ரூபாய் நோட்டில் ‘நாங்கள்தான் முதலில் வந்தோம்’ என்று வாதாடியதற்கு ஆதாரமே இவர்கள்தான். ஆனால் இவர்களுக்குக் கப்பல் பதிவேட்டு எண் இல்லை, படம் ஒட்டிய சீட்டு இல்லை. கூலி வேலைக்கு வந்தவர்கள் அல்லவே. பிரெஞ்சுப் பாண்டிச்சேரியிலிருந்து வந்தது தடையில்லை, 1947 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு இந்தியாவோடு சேர்ந்த பகுதிகளுக்கும் ஓ.சி.ஐ. சட்டத்தில் இடம் உண்டு. தடை தலைமுறைக் கணக்கும் காகிதமும்தான். 1730-களிலிருந்து எண்ணினால் ஏழு தலைமுறை எப்போதோ தாண்டிவிட்டது. பின்னால் வந்த ஒப்பந்தத் தொழிலாளி வீட்டில் பெண் எடுத்தவர்களுக்கு அம்மா வழியில், பாட்டி வழியில் வாசல் திறக்கலாம். அப்பா வழியில் மட்டும் தேடியவர்கள் திரும்பிப்போய் பாட்டியின் அம்மா பெயரைக் கேட்டு வர வேண்டும்.

போர்ட் லூயிஸில் ‘கைலாசோன்’ என்று ஊரே அழைக்கும் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோயிலில் தைப்பூசத்தன்று நின்றால், அலகு குத்திக் காவடி எடுத்து வரும் கூட்டத்தில் யார் வீடு எப்போது வந்தது என்று பிரிக்க முடியாது. பூஜை முடிந்து வாழை இலையில் பரிமாறும் ‘செட் கரி’, அதாவது ஏழு கறிச் சாப்பாடு, எல்லாருக்கும் ஒன்றுதான். ரசோனும் உண்டு.

மோக்காவுக்குக் குடும்பமாக வருகிறவர்கள் பெரும்பாலும் தாத்தா சொன்ன ஒரு பெயரையும் ஒரு தோட்டத்தின் பெயரையும் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வருகிறார்கள். பதிவு கிடைத்துவிட்டால் அட்டைக்கு வேண்டிய விவரம் அதில் இருக்கும். பெயரைப் பார்த்ததும் அடுத்து எல்லாருடைய கண்ணும் போவது ‘கிராமம்’ என்ற கட்டத்துக்கு. ஜில்லா புரிந்துவிடும்: தஞ்சாவூர், சேலம், தென்னார்க்காடு, திருச்சினாப்பள்ளி. கிராமத்தின் பெயர்தான் எழுத்தர் காதில் எப்படியோ விழுந்து, கையில் எப்படியோ எழுதப்பட்டு, மை பரவிக் கிடக்கும். நல்லூரா, நல்லாறா, நெல்லூரா? உரக்கப் படித்துப் பார்க்கிறார்கள். பல்லாண்டுகளாகக் கிரியோல் பேசிய நாக்கில் அது இன்னும் ஒரு விதமாக வருகிறது. கடைசியில் எழுத்து எழுத்தாக அப்படியே பிரதி எடுத்துக்கொள்கிறார்கள், அட்டை வந்ததும் தமிழ்நாட்டுக்குப் போகும்போது அங்கே யாரிடமாவது காட்டிக் கேட்கலாம் என்று.